வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை: மார்பக அறுவைக்குப் பின் 26-ஆம் நாள்

பாமணிக்கரை, மன்னார்குடி பக்கம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. வலது மார்பகத்தை முழுவதும் எடுத்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து இன்றோடு 26 நாள். கீமோ அறுவைக்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை அதற்கு அளவெடுக்கப் போனோம். மேசையில் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் ஒரு பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தோள் மட்டம் வரைதான் வந்தது. அங்கிருந்த தம்பி மெதுவாகத் தூக்கிப் பார்த்தார், நான் கத்திவிட்டேன். "ரெண்டு வாரம் பயிற்சி செஞ்சுட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன பயிற்சி என்று கேட்டால், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இருக்கிறதாம். அந்தத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்ததில் படங்கள் கறுத்துப்போய், எது கை, எது சுவர் என்றே தெரியவில்லை. அறுவை செய்த டாக்டர் மேல் எனக்குக் குறை இல்லை. காயம் நன்றாக ஆறிவிட்டது. காயத்து நீர் வடிய வைத்திருந்த ட்யூபை 14-ஆம் நாள் எடுத்தார்கள். ஆனால் கையை என்ன செய்வது என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

வலி எப்படி என்றால், மூன்று விதமாக இருக்கிறது. கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் தோலுக்கு அடியில் வாழைநாரை முறுக்கிக் கட்டினது போல ஒன்று விடைத்துக்கொண்டு நிற்கிறது, தொட்டால் கையில் தட்டுப்படுகிறது. மேல் கையின் உள்பக்கம் மரத்துப்போய் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் சேலைத் தலைப்பு உரசினால் மிளகாய் பட்டது போல எரிகிறது. மரத்த இடம் எப்படி எரியும் என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது, ராத்திரியில் எடுத்துவிட்ட மார்பிலேயே அரிக்கிறது. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

என் மாமியார் தங்கமானவர். கீமோ நாளெல்லாம் என் வாந்தியை அள்ளியவர். அவர் "கையைத் தூக்காதே, தையல் பிரிஞ்சுடும்" என்று துண்டால் தூளி போலக் கட்டிவிட்டிருக்கிறார். நொச்சி இலை போட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்கிறார். என் நாத்தனார் நேர் எதிராக, வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இழு என்கிறார். எங்களுக்கு ஐந்து மா நிலம், சம்பா நட்டாயிற்று, களை பறிக்க ஆள் கிடைக்காத நேரம். வயலுக்குப் போக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. மகளுக்குத் தலை பின்னிவிட முடிந்தால் போதும். ஒரு கையால் ஜடை போட முடியாமல் அவளே ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் கை மேலே போகுமா? யாராவது இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.


தையல்காரி, கும்பகோணம்

தங்கச்சி, நீங்கள் எழுதினதை இரண்டு தடவை படித்தேன். அந்த மேசையில் படுத்துக்கொண்டு கை எழும்பாமல் நானும் அழுதிருக்கிறேன். 2018 ஆவணியில் எனக்கு அறுவை, வலது பக்கம், உங்களைப் போலவே முழுவதும், நெறிக்கட்டியோடு. அப்போது 45 வயது. மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கத்தரி பிடிப்பது, மிஷின் சக்கரத்தைத் திருப்புவது, அயர்ன் போடுவது எல்லாம் வலது கைதான்.

முதலில் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். ட்யூப் இருக்கும் நாட்களில் கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்வார்கள். அம்மா அதைக் கேட்டு மனதில் வைத்திருப்பார். தப்பில்லை, ஆனால் அது அந்த நாட்களுக்கான பேச்சு. ட்யூப் எடுத்து, காயம் மூடி, கசிவும் வீக்கமும் இல்லை என்றால் தூக்கத்தான் வேண்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் காது கேட்க "இனி தூக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். என் அம்மாவுக்கு நான் நூறு தடவை சொல்லியும் ஏறவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும், மறுநாளிலிருந்து பயிற்சி நேரத்துக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் துண்டுக் கட்டை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். நான் துண்டு கட்டவில்லை, ஆனால் ஐந்து வாரம் கையை மார்போடு ஒட்டி வைத்து, தோளைக் குறுக்கி, அந்தப் பக்கத்தையே யாரும் பார்க்கக் கூடாது என்பது போல நடந்தேன். வலிக்குப் பயந்து கொஞ்சம், பார்வைக்குப் பயந்து அதிகம். கரண்டுக்கு அளவெடுக்கப் போன அன்றுதான் தோள் பூட்டிக்கொண்டது தெரிந்தது.

வலியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குத் துணியை வைத்துத்தான் சொல்ல வரும். புதுத் துணியைத் தண்ணீரில் போட்டால் சுருங்கும் இல்லையா? ஓரத்தைப் பிடித்து நீவி நீவி இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் இழை விட்டுப்போகும். கை தூக்கும்போது வரும் இழுவை அந்த மாதிரி. இழுவை தொடங்கும் இடத்துக்குப் போக வேண்டும், அங்கே நிற்க வேண்டும், மூச்சை மெதுவாக விட வேண்டும். ஐந்து மூச்சுக்குள் அது ஒரு நூல் இளகும். இளகினால் ஒரு விரற்கடை மேலே. கத்துகிற வலி வரும்வரை போகக் கூடாது. நாத்தனார் சொல்வது போலப் பல்லைக் கடித்தால் உடம்பு இன்னும் இறுகிக்கொள்ளும், மறுநாள் கையைத் தொட விடாது. பயிற்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் இழுவை அடங்கிவிட்டால் அளவு சரி. மறுநாள் காலை வரை வலித்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள், இன்று பாதி செய்யுங்கள். விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பழகிவிடும், வயிற்றைக் கெடுக்கும் என்று தாங்க முடியாமல் போன பிறகுதான் போடுவேன். எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வலியைத் தாங்கிக் காட்டுறதுக்கு இல்ல மாத்திரை, கையை அசைக்கிறதுக்கு" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, எழுதின வேளைக்கு, எழுதின அளவு போட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பயிற்சி. அந்த மாற்றம் ஒன்றிலேயே முதல் வாரம் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

இப்போது செய்தது. காலையில் எழுந்ததும் கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு குடையை இரண்டு கையாலும் படுக்கை வாட்டில் பிடித்துக்கொள்வேன். இடது கைதான் தூக்கும், வலது கை கூடவே போகும். வயிற்றுக்கு மேலிருந்து முகத்துக்கு மேல், அங்கிருந்து தலைக்குப் பின்னால். இழுக்கும் இடத்தில் நின்று ஐந்து மூச்சு. இப்படி ஐந்திலிருந்து ஏழு தடவை. கரண்ட் மேசையிலும் இதே படுக்கைதான் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். கை பின்னால் போகும்போது படுக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் தோளில் துடிக்கும், அதனால் தலைமாட்டில் இரண்டு தலையணை அடுக்கி அதன் மேல் கையைச் சாய விடுங்கள். வாரம் போகப் போக ஒரு தலையணையை எடுங்கள்.

அப்புறம் சுவர். சுவரைப் பார்த்து ஒரு முழம் தள்ளி நின்று, விரல்களைப் பல்லி ஏறுவது போல ஏற்ற வேண்டும். தோளைக் காதுக்குத் தூக்கி ஏமாற்றக் கூடாது. கையை இறக்கும்போதும் பொத்தென்று போடாமல் விரலாலேயே இறங்க வேண்டும். முதல் நாள் நடுவிரல் எட்டின இடத்தில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். அந்தக் கோடு என் மூக்குக்கு நேராக இருந்தது. ஐந்தாம் நாள் நெற்றி. ஆறாம் நாள் இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள் தீபாவளித் துணி ஏழெட்டு ரவிக்கை ஒரே மூச்சில் வெட்டியிருந்தேன், அதன் பலன். அந்தக் கீழ்க் கோட்டையும் அழிக்காமல் விட்டேன். பத்தாம் நாள் என்று நினைக்கிறேன், ஏறும்போதே அக்குளுக்குள் நூல் அறுந்தது போல 'டப்' என்றது. பயந்து உட்கார்ந்துவிட்டேன். வலி இல்லை, ரத்தம் இல்லை, கை மட்டும் ஒரு சாண் மேலே போனது. நீங்கள் வாழைநார் என்று எழுதியிருப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். 16-ஆம் நாள் காலண்டர் ஆணியைத் தொட்டேன். அதற்கு மறுநாள் மேசையில் படுத்தேன், பிடி கைக்கு எட்டியது.

கரண்ட் முடிந்ததோடு பயிற்சியை விட்டுவிடாதீர்கள். எனக்கு 25 நாள் வைத்தார்கள். அந்த நாட்களில் இல்லாத இறுக்கம், கரண்ட் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தது, மார்பில் யாரோ பட்டை போட்டுத் தைத்தது போல. மறுபடி சாக்பீஸை எடுத்தேன். இன்றும் காலையில் குடையைத் தூக்காமல் நான் மிஷினில் உட்காருவதில்லை.

மரத்த இடம் எரிகிறது என்று எழுதினீர்களே, அது உங்கள் மனப்பிரமை இல்லை. அக்குளில் நெறிக்கட்டி எடுக்கும்போது அங்கே ஓடும் தோல் நரம்பு அடிபடும், அதனால்தான் என்று எனக்குச் சொன்னார்கள். நான் செய்தது இது: கடையில் வெட்டுத் துண்டு நிறைய இருக்கும். வழவழப்பான பட்டுத் துண்டு ஒன்று, மெல்லிய மல் துணி ஒன்று, வாயில் (voile) துணி ஒன்று, பிறகு சாதாரணக் காட்டன், கடைசியில் பழைய டர்க்கி டவல் என்று ஐந்து துண்டைக் கோத்து வைத்துக்கொண்டேன். பட்டுத் துண்டை அந்த இடத்தில் மெதுவாக இரண்டு நிமிடம் தடவுவேன், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பட்டு உறுத்தாமல் போனதும் மல். மல் பழகியதும் வாயில் துணி. காட்டனுக்கு வர எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. டவலை இன்றைக்கும் அந்த இடம் ஏற்கவில்லை, அதனால் என்ன. சேலை உரசினால் தெரிவதில்லை. ராத்திரியில் மட்டும் எரிச்சல் நிற்காமல் இருந்ததற்கு நரம்பு வலிக்கென்று தனியாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் தூக்கமாகத் தள்ளியது, பிறகு சரியானது. நான் நான்கு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தேன், நீங்கள் அப்படி இருக்காதீர்கள். மாமூல் வலி மாத்திரை இந்த எரிச்சலுக்குச் சரியாகக் கேட்காது, அதனால் எரிச்சலைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எடுத்துவிட்ட இடத்திலேயே அரிப்பதும் எனக்கு இருந்தது. இல்லாத காம்பில் அரிக்கும், சொறியக் கை போகும், அங்கே தட்டையாக இருக்கும். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன். கால் எடுத்தவர்களுக்குப் போன காலில் வலிப்பது போல இதுவும், பல பேருக்கு வரும் என்றார் டாக்டர். சொன்ன அன்றே பாதி பயம் போய்விட்டது. நீங்களும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

இன்னொன்று, இன்ச் டேப். அதன் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கும். முழங்கை மடிப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, 10 சென்டிமீட்டர் கீழே, அப்புறம் மணிக்கட்டு, இந்த மூன்று சுற்றளவையும் இரண்டு கையிலும் எடுத்து இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். வாடிக்கைக்காரர்கள் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கை அளவு ஏழு வருஷமாக இருக்கிறது, வெள்ளிக்கு வெள்ளி எழுதி, இப்போது மாதம் ஒரு தடவை. டேப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள், தோலைத் தொட்டால் போதும். வலது கை பழக்கக்காரர்களுக்கு வலது கை எப்போதுமே கொஞ்சம் பருமனாக இருக்கும், அதனால் முதல் நாள் அளவு முக்கியம். வித்தியாசம் 2 சென்டிமீட்டர் கூடினால், அல்லது வளையல் திடீரென்று ஏறாமல் போனால், கை கனத்துக் கிடந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

ரவிக்கைக்கு இப்போது ஒரு யோசனை. அக்குளில் தையல் நான்கும் வந்து முட்டும் இடத்தைப் பிரித்து, மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலைவாட்டில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கை தூக்கினால் ரவிக்கை மேலே ஏறாது, தழும்பிலும் உரசாது. உங்கள் ஊர்த் தையல்காரருக்குப் புரியவில்லை என்றால் இங்கே எழுதுங்கள், படம் வரைந்து போடுகிறேன்.


இயன்முறை மருத்துவர், திருவாரூர்

அம்மா, தையல்காரி அக்கா சொன்னதில் நான் திருத்த ஒன்றும் இல்லை. நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்த கயிறு அக்குளிலிருந்து முழங்கை நோக்கி ஓடுவதையும், கை தூக்கினால் விடைப்பதையும் பார்த்தால், நெறிக்கட்டி எடுத்த பிறகு பலருக்கு வருகிற அக்குள் நார்க் கட்டு போலத் தெரிகிறது. அறுவைக்குப் பின் சில வாரங்களில் தலை காட்டும், பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே இளகிவிடும். நீட்டும் பயிற்சி அதைச் சீக்கிரம் இளக்கும். அக்காவுக்கு வந்த 'டப்' சத்தம் சிலருக்கு வரும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதை வரவழைப்பதற்காக வீட்டில் யாரும் கட்டைவிரலால் நாரை அழுத்தி அறுக்கப் பார்க்கக் கூடாது.

ஒத்தடம் வேண்டாம். காரணம் எளிது. அந்தத் தோலுக்குச் சூடு தெரியாது. உங்களுக்கு இதமாக இருக்கும்போதே தோல் வெந்து கொப்புளம் கண்டிருக்கும். நெறிக்கட்டி இல்லாத கையில் ஒரு கொப்புளம் என்பது கிருமி உள்ளே போகத் திறந்த கதவு. மாமியாருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தால், உங்கள் காயம் முழுவதும் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, தழும்பின் மேல் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து, விரல் நுனியால் சின்ன வட்டமாக, தோல் அடிச்சதையின் மேல் நகரும்படி தடவச் சொல்லுங்கள். தழும்பு கீழே ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். கரண்ட் நடக்கும் நாட்களில் மட்டும் அந்த இடத்தில் எண்ணெயோ வேறு எதுவுமோ அங்கே கேட்காமல் போடக் கூடாது.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. காயத்துக்கு அடியில் தண்ணீர்ப் பை போலத் தளும்பினால் அது நீர் கோத்தது, டாக்டர் ஊசியால் எடுத்துவிடுவார், அதுவரை தோள் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். கை சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருந்தாலும் அப்படியே.

வயல் வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்களிடம் வரும் டெல்டாப் பெண்களில் பலருக்கும் மனதில் இருப்பது அதுதான். இந்தக் கையால் இனி எதையும் தூக்கவே கூடாது என்று முன்பு சொல்லி வந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கை வீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சிறு எடையிலிருந்து படிப்படியாகத் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் அதிகமாகவில்லை, பலம் கூடியது. அதில் கவனிக்க வேண்டியது 'படிப்படியாக' என்பதைத்தான். முதலில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், வாரங்கள் கழித்து ஒரு லிட்டர், தோள் முழுவதும் அசைய ஆரம்பித்த பிறகு குடம். களை பறிக்கிற நாள் வரும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கோரைப்புல் கீறலும், கருக்கரிவாள் வெட்டும், கொசுக்கடியைச் சொறிந்த புண்ணும் கூட அந்தக் கைக்குப் பெரிது. சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வையுங்கள். ஊசியும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் முடிந்தவரை இடது கையில் இருக்கட்டும்.

எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மாத்திரைகளை டாக்டர்கள் தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள். தொடங்குவதும் நிறுத்துவதும் அவர்கள் சொல்லி மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

கடைசியாக, மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் பஸ்ஸில் அலைய முடியாவிட்டால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வீட்டுக்கு வருவதற்குப் பெயர் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பதோடு இதுவும் உண்டு. பலருக்கு இது தெரியவில்லை. அந்தக் கறுத்த ஜெராக்ஸ் தாளையும் அவரிடம் காட்டுங்கள், எது கை, எது சுவர் என்று அவர் செய்தே காட்டுவார்.


வெட்டாற்றங்கரை

சகோதரிக்கு வணக்கம். நான் நோயாளி இல்லை, நோயாளியின் கணவன். என் மனைவிக்கு இரண்டு வருடம் முன்பு இடது பக்கம் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் கிணறு தூர்ந்துபோய் ராட்டினம் சும்மா கிடந்தது. அதை எண்ணெய் போட்டு, திண்ணை உத்திரத்தில் மாட்டி, நூல் கயிறு கோத்து, இரண்டு நுனியிலும் துணி சுற்றிக் கைப்பிடி கட்டினேன். அவள் அதற்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து நல்ல கையால் ஒரு நுனியைக் கீழே இழுப்பாள், மற்றக் கை தானாக மேலே போகும். எவ்வளவு தூக்க வேண்டும் என்பது அவள் கையிலேயே இருப்பதால் பயம் விட்டுப்போனது. பிசியோ டாக்டர் வந்து பார்த்து, நாற்காலியை மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொன்னார்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். நான் முதல் மாதம் அவளை ஒரு டம்ளர்கூட எடுக்க விடவில்லை. பாசம் என்று நினைத்தேன். அவள் கை இறுகினதில் அதற்கும் பங்கு இருந்தது. தலை சீவுவது, தட்டில் சோறு போட்டுக்கொள்வது, துணியை மடிப்பது போன்றவற்றை அந்தக் கையாலேயே செய்ய விட வேண்டும். குடம், சிலிண்டர், அரிசி மூட்டை, மாவாட்டுவது நம் பாடு.

ராத்திரி படுக்கையில் கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்துக் கொடுங்கள். பாயிலிருந்து கையை ஊன்றி எழுவது அவளுக்கு ரொம்ப வலித்தது, அதனால் கட்டில் வாங்கினோம். நல்ல பக்கமாகத் திரும்பி, காலை முதலில் தொங்கவிட்டு எழுந்தால் போதும்.


பாமணிக்கரை, மன்னார்குடி பக்கம்

18 நாள் கழித்து எழுதுகிறேன். நடுவில் மழை, இரண்டு நாள் வீட்டில் மின்சாரம் இல்லை, போன் சார்ஜ் இல்லை. அக்கா, அண்ணன், டாக்டர் தம்பி எல்லோருக்கும் முதலில் நன்றி.

மறுநாளே டாக்டரிடம் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தொட்டுப் பார்த்து நார்க் கட்டுதான், நீர் கோக்கவில்லை என்றார். மாமியார் "தூக்கலாமா சார்?" என்று தானே கேட்டுவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில் அந்தத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், பிறகு அதைப் பார்க்கவில்லை. இப்போது காலையில் காபிக்கு முன்னால் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைக்கிறார். முக்கால் மணி ஆனதும் குடையை எடுத்துக் கையில் கொடுக்கிறார். மூச்சை அவர்தான் எண்ணுகிறார், கொஞ்சம் மெதுவாக எண்ணுகிறார்.

சாக்பீஸ் இல்லாததால் அடுப்புக்கரியால் கோடு போட்டேன். முதல் கோடு வாய் மட்டத்தில். நான்கு நாள் அசையவே இல்லை, அக்காவுக்கு எழுதி அழலாமா என்று இருந்தது. எட்டாம் நாள் புருவம். எனக்கு 'டப்' என்று எதுவும் கேட்கவில்லை. நார் மட்டும் நாளுக்கு நாள் மெல்லிசாகி, இப்போது தேடித் தொட்டால்தான் தெரிகிறது. சுகாதார நிலையத்திலிருந்து பிசியோ அம்மா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். நான் தோளைக் காதுக்குத் தூக்கி ஏமாற்றிக்கொண்டிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்ததும் கோடு மூன்று விரற்கடை இறங்கிவிட்டது, பிறகு நேர்மையாக ஏறியது.

போன வியாழக்கிழமை அளவெடுத்தார்கள். பிடி எட்டியது. அரை மணி நேரம் கையை அப்படியே வைத்திருந்தது கஷ்டம்தான், முடிவில் விரலெல்லாம் நடுங்கியது. அந்தத் தம்பி முழங்கைக்கு அடியில் துணி மடித்து வைத்தார். வருகிற திங்கட்கிழமை கரண்ட் தொடங்குகிறது.

எரிச்சல் குறையவில்லை. டாக்டரிடம் தனியாக எடுத்துச் சொன்னேன். ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், ஐந்து நாள் ஆகிறது, தூக்கம் வருகிறது. கல்யாணப் பட்டின் முந்தானைக் குஞ்சத்தால் தடவிக்கொள்கிறேன், மல்லுக்கு இன்னும் போகவில்லை. அரிப்பதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, அன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மகளைத் திண்ணைப் படியில் இரண்டு படி கீழே உட்கார வைத்துத் தலை பின்னினேன். உச்சியில் வகிடு எடுக்கும்போது கை நடுங்கி வகிடு கோணலாகிவிட்டது. திருத்துகிறேன் என்றேன், அவள் வேண்டாம் என்று தலையை நகர்த்திக்கொண்டாள். இன்று பள்ளிக்கும் அந்தக் கோணல் வகிட்டோடுதான் போயிருக்கிறாள்.

தையல்காரி அக்கா, எங்கள் ஊர்த் தையல்காரருக்கு அந்தச் சதுரத் துண்டு புரியவில்லை. படம் வரைந்து போடுங்கள். என் ரவிக்கை அளவு 38, கை நீளம் 9 அங்குலம்.